மிக்ஸியைக் கழற்றிய பையன்

பிப்ரவரி 10, திங்கள்

இந்த டைரி மசாலா கம்பெனி கொடுத்தது. எதிர் வீட்டு ரெஜினா இட்லிக் கடை வைத்திருக்கிறாள். அவளுக்கு இரண்டு வந்தது, ஒன்றை எனக்குத் தந்துவிட்டாள். ஒவ்வொரு பக்கத்திலும் மேலே ஒரு சமையல் குறிப்பு அச்சடித்திருக்கிறது. இன்றைய குறிப்பு: ரவையை வறுத்து வைத்தால் வண்டு வராது. எங்கள் வீட்டு வண்டுக்கு வறுத்த ரவைதான் பிடிக்கும்.

நான் ஐந்தாவது வரை படித்தவள். எழுத்து கோணலாகத்தான் வரும். ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸம்மா, மனசில் இருப்பதை எழுதிப் பாரும்மா, பாரம் குறையும் என்றாள். என் மனசில் ஒன்றும் இல்லை. அதனால் நடந்ததை எழுதுகிறேன்.

இன்றைக்குப் புது வேலையில் சேர்ந்தேன். தெருமுனையில் மூடிக் கிடந்த டியூஷன் சென்டரை ஆராய்ச்சிக்காரர்கள் வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள். பெருக்கித் துடைத்து, தண்ணீர் பிடித்து வைத்து, காலையும் மாலையும் டீ போட வேண்டும். அங்கே இருப்பது ஒரே ஒரு மேடம், பேர் இலக்கியா. பொள்ளாச்சிப் பக்கத்துப் பெண், ரொம்பச் சின்ன வயசு. எல்லோரையும் ‘ங்க’ போட்டுத்தான் பேசுகிறாள். வாசலில் படுத்திருந்த நாயைக்கூட, கொஞ்சம் தள்ளிப் படுங்க என்றாள். வட சென்னை நாய்க்கு அது புரியவில்லை.

வெளியே போர்டு மாட்டினார்கள். ‘மெத்தாம்பெட்டமைன் பயன்பாடும் உடல், சமூகப் பாதிப்புகளும்: கள ஆய்வு.’ எதிரே இஸ்திரி வண்டி போடுகிற எத்திராஜ் அதை எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்து, பாதியில் மூச்சு வாங்கி நிறுத்திவிட்டார். மருந்துக் கடையா என்று கேட்டார். மேடம் எனக்கு அந்தப் பெயரைப் பிரித்துப் பிரித்துச் சொல்லிக் கொடுக்க வந்தாள். நான் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். டக்குனு பிடிச்சுக்கிட்டீங்களே என்று ஆச்சரியப்பட்டாள். டியூஷன் சென்டர் ராசி என்றேன்.

என் மகன் யுவராஜ் எட்டாவது படிக்கும்போது இங்கேதான் கணக்குக்கு வந்தான். இரண்டாவது பெஞ்ச். இப்போது பெஞ்சை எல்லாம் எடுத்துவிட்டார்கள்.

போன ஐப்பசியில் அவன் ஹார்ட்டில் போய்விட்டான். இருபத்து நான்கு வயசு. டாக்டர் சீட்டிலும் ஹார்ட் என்றுதான் எழுதியிருக்கிறது.

பிப்ரவரி 12, புதன்

ஒருத்தரும் வரவில்லை. அந்தப் போதைப் பொருளைப் பழகியவர்கள், அல்லது வீட்டில் பழகியவர் இருக்கிறவர்கள் வந்து பேசலாம். போனில் பதிவு செய்துகொள்வார்கள். பெயர் கேட்க மாட்டார்கள், நம்பர்தான். போலீசுக்குப் போகாது. வைத்தியம் வேண்டுமென்றால் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டும் தருவார்கள். இதையெல்லாம் மேடம் இரண்டு நாளாக வாசலில் நின்று சொல்லிப் பார்த்துவிட்டாள். நான் துடைத்த தரையையே மறுபடி மறுபடி துடைத்தேன். யாராவது வழுக்கி உள்ளே வந்தால்தான் உண்டு.

சாயங்காலம் ஒரு குட்டி லாரி வந்தது. உள்ளே அத்தனையும் எவர்சில்வர் டிபன் கேரியர், மூன்று அடுக்கு, நல்ல கனம். வந்து பேசுகிறவர்களுக்கு ஆளுக்கு ஒன்று. இறக்கும்போது தெருவே வேடிக்கை பார்த்தது. எத்திராஜ் இஸ்திரிப் பெட்டியைச் சட்டை மேலேயே வைத்துவிட்டு வாயைப் பிளந்து நின்றார். கருகிய வாசனை வந்த பிறகுதான் திரும்பினார்.

பிப்ரவரி 13, வியாழன்

நான் கதவைத் திறப்பதற்கு முன்னாலேயே வரிசை நின்றது. ரேஷனில் பாமாயில் போடுகிற அன்றைக்குக்கூட இத்தனை பேரைப் பார்த்ததில்லை.

முதலில் எத்திராஜ். கிழிந்த லுங்கி, கலைத்துவிட்ட முடி. வாசலிலேயே தள்ளாடி, சுவரில் முட்டி, இல்லாத ஒருத்தனைக் கெட்ட வார்த்தையில் திட்டி, கடைசியில் ஒரு பாட்டும் பாடினார். மேடம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அண்ணா, அது சரக்குங்ணா என்றாள்.

அடுத்தது பட்டம்மா. எழுபது வயசு, கோயில் வாசலில் பூ கட்டி விற்கிறாள். யாரையும் கை காட்டாமல், தானே பழகுவதாகச் சொன்னாள். எப்படி எடுத்துக்கொள்வீர்கள் என்று மேடம் கேட்டாள். வெற்றிலையில் வைத்து, சாப்பாட்டுக்கு அப்புறம் என்றாள் பட்டம்மா.

ரெஜினா தன் புருஷன் என்றாள். அவர் கல்லறைக்குப் போய் ஐந்து வருஷம் ஆகிறது. அதற்கு முன்னாடி என்றாள்.

இப்படியே மத்தியானம் வரைக்கும். வந்தவர்கள் எல்லோரும் தள்ளாடினார்கள். ஒருத்தி, வீட்டில் பழகுவது தம்பி என்று சொல்லிவிட்டு அவளே தள்ளாடினாள். மேடம் அத்தனை பேரையும் கும்பிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டாள். ஒரு கேரியர்கூடப் போகவில்லை.

எனக்குத்தான் எரிச்சலாக வந்தது. தள்ளாடுவார்களாம்.

பிப்ரவரி 14, வெள்ளி

குறிப்பு: கறிவேப்பிலையைத் துணியில் சுற்றி வைத்தால் வாடாது. யாரும் வரவில்லை. அதைப் பழகியவர்கள் தள்ளாடவே மாட்டார்கள்.

பிப்ரவரி 16, ஞாயிறு

தண்ணீர் லாரி வர நேரமானது. குடத்தை வரிசையில் போட்டுவிட்டு எல்லோரும் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். ஆபீஸில் வேலை செய்கிறாயே, மேடம் என்னதான் எதிர்பார்க்கிறாள் என்று எத்திராஜ் கேட்டார். அவர் மறுபடியும் தள்ளாடிக் காட்டினார், போன தடவை நடிப்பில் குறை இருந்ததா என்று தெரிந்துகொள்ள.

என்னால் வாயை அடக்க முடியவில்லை. அது அப்படி இருக்காது, குடிகாரன் மாதிரி விழுந்து கிடக்க மாட்டார்கள், ரொம்பச் சுறுசுறுப்பாக இருப்பார்கள் என்றேன். உனக்கெப்படித் தெரியும் என்றாள் பட்டம்மா. அண்ணா நகரில் நான் வேலை செய்த வீட்டில் ஒரு பையன் இருந்தான் என்று சொன்னேன்.

அப்புறம் லாரி வரும் வரைக்கும் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவன் தூங்க மாட்டான். நாள் கணக்கில் தூங்க மாட்டான். சோறு வேண்டாம். பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டான். வீட்டில் இருக்கிற பாத்திரத்தை எல்லாம் எடுத்துத் தேய்ப்பான், முகம் பார்க்கலாம், அவ்வளவு பளபளப்பு. ஒரு நாள் மிக்ஸியைக் கழற்றினான். நன்றாக ஓடிக்கொண்டிருந்த மிக்ஸி. திருகாணிகளைச் சின்னதிலிருந்து பெரிசு வரைக்கும் பேப்பர் மேல் வரிசையாக அடுக்கினான். ஒரு திருகாணி உருண்டு அரிசி டிரம்முக்கு அடியில் போய்விட்டது. அதற்காக அழுதான்.

எல்லோரும் அவ்வளவு அமைதியாகக் கேட்டார்கள். லாரி வந்து ஹாரன் அடித்த பிறகும் ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. டிரைவர் இறங்கி வந்து, தண்ணி வேணுமா வேணாமா என்று கேட்டான்.

பிப்ரவரி 17, திங்கள்

முருங்கைக்கீரை ஆய்ந்தேன். வாசலில் முறத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்ததும் ஆளாளுக்கு வந்து உட்கார்ந்துவிட்டார்கள். எனக்கு வேலை மிச்சம். இரண்டு கட்டுக் கீரை ஒரு பாடத்தில் முடிந்தது.

இன்றைய பாடம், கை. கையில் பூச்சி ஊருகிறது என்று சொறிந்துகொண்டே இருப்பான். பூச்சி இருக்காது. மஞ்சள் அரைத்துப் பூசினால் கோபம் வரும். அப்புறம் பல். ராத்திரி பகல் இல்லாமல் பல்லை நறநறவென்று கடிப்பான், எதையோ மென்றுகொண்டே இருக்கிற மாதிரி. எத்திராஜ் கடித்துக் காட்டினார். அவருக்குக் கீழ்ப்பல் இல்லாததால் சத்தம் வரவில்லை.

அப்புறம் தயிர் சாதம். அம்மா விஷம் வைத்திருக்கிறாள் என்று தட்டைத் தள்ளிவிடுவான். திட்டக் கூடாது. முதல் வாயை அம்மா எடுத்துச் சாப்பிட வேண்டும், அவன் பார்த்துக்கொண்டே இருப்பான், அப்புறம் சாப்பிடுவான். தினமும் இப்படித்தான். அந்த அண்ணா நகர் அம்மா ரொம்பக் குண்டாகிவிட்டாள் என்று நான் சொன்னேன், எல்லோரும் சிரித்தார்கள்.

நானும் சிரித்தேன். நிறைய நாளைக்குப் பிறகு இன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டேன்.

பிப்ரவரி 19, புதன்

கேரியர்கள் போக ஆரம்பித்துவிட்டன. எத்திராஜ் தள்ளாடாமல் விறுவிறுவென்று போய், மகன் மிக்ஸியைக் கழற்றிவிட்டான் என்றார். அவருக்கு மகனே கிடையாது, மூன்றும் பெண். பட்டம்மா இந்தத் தடவை பேரனைச் சொன்னாள். அவன் துபாயில் இருக்கிறான். மேடத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பவுனுக்கா, இன்னைக்கு மட்டும் ஒன்பது பேருங்க்கா என்றாள். நான் ஸ்ட்ராங்காக டீ போட்டுக் கொடுத்தேன்.

பட்டம்மா கேரியர் வாங்கிய பிறகும் சாயங்காலம் பாடத்துக்கு வந்து உட்கார்ந்தாள். இன்னும் எதுக்கு வருகிறாய் என்று கேட்டேன். கீரை ஆய என்றாள். இன்றைக்குக் கீரையே இல்லை.

பிப்ரவரி 20, வியாழன்

பெரிய கூத்து. பாத்திரக் கடையில் எதை வாங்கினாலும் என்ன பேர் வெட்ட வேண்டும் என்று கேட்பார்கள். கல்யாணத்துக்கு வாங்கினால் மாப்பிள்ளை பெண் பேர், சீருக்கு வாங்கினால் மாமன் பேர். ஆபீஸுக்குக் கேரியர் வாங்கப் போன ஆளையும் கேட்டிருக்கிறார்கள். அவர் யோசிக்காமல் போர்டில் இருப்பதைச் சுருக்கிச் சொல்லிவிட்டார். ஒவ்வொரு மூடியிலும் வட்டமாக, அழகான எழுத்தில், ‘மெத்தாம்பெட்டமைன் பயன்பாடு: பங்கேற்பாளர்’ என்று வெட்டியிருக்கிறது. காகிதம் சுற்றிக் கொடுத்ததால் யாரும் கவனிக்கவில்லை.

எத்திராஜ் அந்தக் கேரியரில் சோறு எடுத்துக்கொண்டு அடுக்குமாடி வீடுகளுக்குத் துணி கொடுக்கப் போயிருக்கிறார். கேட்டில் வாட்ச்மேன் மூடியை வாங்கி, எழுத்துக் கூட்டி, கடைசி எழுத்து வரைக்கும் சத்தமாகப் படித்துவிட்டான். எத்திராஜுக்கு அன்றைக்கு முடியாதது அவனுக்கு முடிந்தது. துணி கொடுக்க வந்தவரை மாடிக்கே விடவில்லை.

மேடம் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பேர் வெளியே வராதுன்னு சத்தியம் பண்ணிக் கொடுத்தேனுங்க்கா, இப்ப மூடியில போட்டுக் குடுத்துட்டோமே என்றாள்.

தெருவே கேரியரைத் தூக்கிக்கொண்டு பேர் வெட்டுகிற தேவராஜிடம் ஓடியது. வெட்டின எழுத்தை அழிக்க முடியாது, மேலே பூவும் கொடியும் போட்டு மறைக்கலாம் என்றான். இப்போது எங்கள் தெருவில் எல்லோர் வீட்டுக் கேரியரும் கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கிறது.

பிப்ரவரி 22, சனி

ரெஜினா இன்றைக்குத்தான் பாடத்துக்கு வந்தாள். கடையை விட்டு வர முடியவில்லையாம். புருஷனை விட்டுவிடு, மகன் என்று சொல்லு என்றார் எத்திராஜ். சரி, பேச்சுக்கு ஜெரால்டுன்னே வச்சுக்கறேன் என்று அவள் எழுந்து நின்றாள். ஜெரால்டு அவளுடைய ஒரே மகன். கூரியர் வேலை, யுவாவை விட இரண்டு வயசு சின்னவன்.

கடைக்கு வருகிறவர்களிடம் கேட்டு வைத்திருந்தாள் போல, நான் சொல்லிக் கொடுத்ததை எல்லாம் வரிசையாகச் சொன்னாள். தூக்கம், பாத்திரம், மிக்ஸி, திருகாணி. ரெஜினா எதைச் சொன்னாலும் சிரிப்பாகத்தான் சொல்லுவாள். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.

“அப்புறம் டிவில செகப்பா ஒரு லைட்டு எரியும்ல, அது மேல கறுப்பு டேப்பு ஒட்டிட்டான். அது அவனையே பாத்துகினு இருக்குதாம்.”

அதற்கும் எல்லோரும் சிரித்தார்கள். பட்டம்மா மட்டும் சிரிக்கவில்லை. நான் கையில் இருந்த கீரையைத் தண்டோடு பாத்திரத்தில் போட்டுவிட்டேன்.

டேப் விஷயத்தை நான் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை.

எங்கள் வீட்டு டிவியில் அந்த டேப் இன்னும் இருக்கிறது. உரித்தால் பிசின் ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் விட்டு வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 23, ஞாயிறு

தூக்கம் இல்லை. வெயில் காலம் சீக்கிரமே ஆரம்பித்துவிட்டது.

பிப்ரவரி 24, திங்கள்

ரெஜினா ஆபீஸில் வந்து பேசினாள். மற்றவர்கள் பேசி முடித்ததும் கேரியரைத் தேடுவார்கள். இவள் கேரியரை வைத்துவிட்டே போய்விட்டாள், நான்தான் ஓடிப்போய்க் கொடுத்தேன். அந்த ஆஸ்பத்திரிச் சீட்டும் ஒன்று குடுங்க மேடம், வீட்டில் கிடக்கட்டும் என்று சிரித்துக்கொண்டே கேட்டாளாம். ஆராய்ச்சியை நடத்துகிற பேராசிரியர் கையெழுத்துப் போட்டதும் தருகிறேன் என்று மேடம் சொல்லியிருக்கிறாள்.

இத்தனை பேரில் சீட்டுக் கேட்டது அவள் ஒருத்திதான்.

பிப்ரவரி 25, செவ்வாய்

மேடம் காலையிலிருந்து போனைக் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டீ ஆறிப்போனது. என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னாள்.

“எல்லார் பேச்சையும் முதல்லருந்து கேட்டேனுங்க்கா. இருபத்திரெண்டு வீடு, எல்லா வீட்லயும் ஒரே பையன். எல்லாரும் மிக்ஸியத்தான் கழட்டறாங்க. கிரைண்டரக் கழட்டுன ஆளே இல்லீங்க. எல்லா வீட்லயும் ஒரு திருகாணி அரிசி டிரம்முக்கு அடியில போகுது.”

பேராசிரியரிடம் சொல்லிவிட்டாளாம். அவர் வெள்ளிக்கிழமை வருகிறார். அத்தனையையும் அழித்துவிடச் சொல்லிவிட்டார். பொய் கலந்தால் ஆராய்ச்சியே கெட்டுப்போய்விடும். இந்தத் தெருவே வேண்டாம், வேறு இடம் பார்க்கலாம் என்கிறார். யாருக்கும் சீட்டுக் கிடையாது.

ரெஜினாவுடையதும் சேர்த்தா என்று கேட்டேன். எல்லாமே என்றாள். அவங்களும் அதே மிக்ஸிதானுங்க்கா.

ஆறிப்போன டீயைக் கையில் எடுத்தாள். “எனக்கு வேலை போனாலும் பரவால்லீங்க. ஆனா ஒண்ணு. பொய்யின்னா ஆளுக்கு ஒரு பொய் சொல்லுவாங்க. இது அப்படி இல்ல. இந்தப் பையன் எங்கயோ இருக்கறானுங்க்கா. கேட்டுக் கேட்டு எனக்கே பழகிட்டான்.”

இருந்தான் என்று வாய் வரைக்கும் வந்தது. டீயில் சர்க்கரை சரியாக இருக்கிறதா என்று கேட்டேன்.

பிப்ரவரி 26, புதன்

குறிப்பு: வெங்காயத்தைத் தண்ணீரில் போட்டு நறுக்கினால் கண் எரியாது.

ஜெரால்டு வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தான். காலையில் நான் கடைக்குப் போகும்போதும் கழுவினான், மத்தியானம் திரும்பும்போதும் அதே வண்டியைக் கழுவினான். சக்கரத்துக் கம்பி ஒவ்வொன்றாக, பழைய டூத் பிரஷ்ஷால். கன்னம் ஒட்டிப்போயிருக்கிறது. எத்திராஜ் பெட்டியில் கரி போட்டுக்கொண்டே, இந்தக் காலத்தில் இவ்வளவு சுத்தமான பிள்ளையைப் பார்க்க முடியாது என்றார்.

யுவாவையும் அவர் அப்படித்தான் சொன்னார். நானும் அப்போது பெருமைப்பட்டேன்.

சொன்னால் என் பிள்ளைக்கு என்ன பேர் வைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். செத்தவனுக்கு அந்தப் பேரைத் துடைத்துக்கொள்ளக்கூட வழி இல்லை. ஜெரால்டு உயிரோடு இருக்கிறான். இரண்டையும் மாற்றி மாற்றி யோசித்ததில் வெங்காயத்தைத் தண்ணீரில் போடாமலே நறுக்கிவிட்டேன். கண் எரிந்தது.

பிப்ரவரி 27, வியாழன்

டீ போட்டேன். மேடத்துக்கு ஒன்று, எனக்கு ஒன்று. பேச வருகிறவர்கள் உட்காரும் நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். அதை நான் தினமும் துடைத்திருக்கிறேன், உட்கார்ந்ததில்லை. ஒரு கால் ஆடுகிறது.

“எல்லாத்தையும் அழிச்சிடுங்க மேடம். ரெஜினாவோடது மட்டும் வையுங்க.”

ஏனுங்க்கா என்றாள்.

“அந்த டிவி டேப்பு நான் சொல்லிக் குடுத்தது இல்ல. அது அவ வீட்ல நடந்தது. அவளுக்குச் சீட்டு வேணும்.”

“அப்ப மத்ததெல்லாம் நீங்க சொல்லிக் குடுத்ததுங்களா?”

“ஆமா. அது என் பையன்.”

அவள் போனைக் கையில் எடுத்தாள், திரும்பக் கீழே வைத்துவிட்டாள். எழுந்து வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டாள். பொள்ளாச்சிக்காரி, நான் துடைத்த ஈரம்கூடக் காயவில்லை, அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அப்புறம் நானே போனை எடுத்துக் கொடுத்தேன், பதிவு போடச் சொன்னேன். எல்லாம் சொன்னேன். இருபத்திரண்டு பேருக்குச் சொல்லிக் கொடுத்ததும் சொன்னேன், சொல்லிக் கொடுக்காததும் சொன்னேன். கடைசியில் நெஞ்சு படபடவென்று அடிக்குதும்மா என்று அவன் என் கையை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்தது வரைக்கும். ஹார்ட் என்றது பொய் இல்லை. ஹார்ட்டை அது என்ன செய்தது என்பதை நான் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அவன் பேர் யுவராஜ், அதை எழுதிக்கங்க என்றேன். பேர் போட மாட்டோமுங்க்கா, நம்பர்தான் என்றாள் அழுதுகொண்டே. இருபத்து மூன்றாம் நம்பர்.

அது எனக்கு என்னவோ போல் இருந்தது. இவ்வளவு நாள் பேர் வெளியே வரக் கூடாது என்றுதான் பயந்தேன்.

பிப்ரவரி 28, வெள்ளி

பேராசிரியர் வந்தார். வழுக்கைத் தலை, நல்ல மனுஷர். என் பேச்சையும் ரெஜினா பேச்சையும் கேட்டார், மற்றதை அழித்தார், சீட்டில் கையெழுத்துப் போட்டார். ஆபீஸ் இங்கேயே இருக்கட்டும், இனிமேல் கேரியர் மட்டும் யாருக்கும் கிடையாது என்றார். எங்கள் தெரு மூடிகளில் இருக்கிற பூவேலையைக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை பார்த்தார்.

சீட்டை எடுத்துக்கொண்டு ரெஜினா கடைக்குப் போனேன். பட்டம்மா கல்லாவுக்குப் பக்கத்தில் பூ கட்டிக்கொண்டிருந்தாள். அவள் போகட்டும் என்று நின்று பார்த்தேன். அவள் போகிற ஆள் இல்லை. அதனால் இரண்டு பேருக்கும் சேர்த்துச் சொன்னேன்.

“யுவாவுக்கு வெறும் ஹார்ட் இல்ல ரெஜினா. அண்ணா நகர்ல எந்தப் பையனும் இல்ல.”

ரெஜினா இட்லிப் பானையின் மூடியைப் பிடித்தபடியே நின்றாள். பதில் சொன்னது பட்டம்மாதான்.

“இன்னாடி பவுனு, அது எங்களுக்குத் தெரியாதா? அண்ணா நகர்க்காரன் மிக்ஸி ஒடஞ்சா புதுசு வாங்குவான். எவன் அரிசி டிரம்முக்கு அடியில படுத்துத் திருகாணி தேடுவான்? தேடுனது நீதானே.”

நான் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். தெரிஞ்சும் எதுக்கு வந்து உட்கார்ந்தீங்க என்று கேட்டேன்.

“அவன் போனதுலருந்து நீ வாயே தொறக்கல. இப்பத்தான் தொறந்த. கேரியர் யாருக்குடி வேணும்” என்றாள். கொஞ்சம் யோசித்து, எத்திராஜுக்கு வேணும் என்று சேர்த்துக்கொண்டாள்.

நான் சீட்டை நீட்டினேன். ரெஜினா வாங்கி ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள். முன்னாடியே என்னிடம் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். நீயும்தான் என்றாள். அதற்கு மேல் அவளுக்குச் சிரிப்பாகச் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். அந்த ஈடு இட்லி கல்லாகிவிட்டது. எத்திராஜ் வந்து குறை சொல்லாமல் ஆறு சாப்பிட்டார்.

மார்ச் 1, சனி

ஜெரால்டை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். ரெஜினா, நான், மேடம். சும்மா ரத்தப் பரிசோதனை என்று ரெஜினா பொய் சொல்ல ஆரம்பித்தாள். வேண்டாம் என்று நான் நிறுத்தி, எதற்குப் போகிறோம் என்று நானே சொன்னேன். கத்தினான். வண்டிச் சாவியைத் தூக்கி எறிந்தான். யுவாண்ணனுக்கு இதுதானா ஆன்ட்டி என்று கேட்டான். ஆமாம் என்றேன். அப்புறம் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தான்.

அங்கே ரொம்ப நேரம் உட்கார வைத்துவிட்டார்கள். அவனால் சும்மா இருக்க முடியவில்லை. பையில் இருந்த ஸ்குரு டிரைவரை எடுத்து, ஆடிக்கொண்டிருந்த பெஞ்சைச் சரி செய்தான். அப்புறம் அடுத்த பெஞ்ச். அப்புறம் கதவுத் தாழ்ப்பாள். நர்ஸம்மாவுக்குச் சந்தோஷம், இந்தப் பையன் வாரா வாரம் வரட்டும் என்றாள். உள்ளே டாக்டரும் அதையேதான் சொன்னார், வேறு காரணத்துக்கு.

மாத்திரையை விட உட்கார்ந்து பேசுவதுதான் இதற்கு வைத்தியமாம். ரொம்ப நாளாகும், நடுவில் திரும்பவும் அதன் பக்கம் போவான், அதற்காக விட்டுவிடக் கூடாது என்றார். ரெஜினா, டாக்டர், பேசறதுன்னா எங்க தெருவுல ஆளு நிறைய இருக்குது என்றாள்.

மார்ச் 3, திங்கள்

மேடம் எனக்கும் ஒரு கேரியர் தந்தாள். நீங்களும் பேசினீங்கல்லங்க்கா என்றாள். கடைசிக் கேரியர், நடு அடுக்கில் ஒரு நசுக்கல்.

தேவராஜிடம் எடுத்துக்கொண்டு போனேன். மூடியைப் பார்த்ததுமே, பூவா கொடியா என்று கேட்டான். இரண்டும் வேண்டாம், அந்த எழுத்து அப்படியே இருக்கட்டும், கீழே இடம் இருக்கிறது, ஒரு பேர் வெட்டு என்றேன். யார் பேரு என்றான்.

“யுவராஜ்.”

நினைவாக என்று போடட்டுமா, அன்பளிப்பு என்று போடட்டுமா என்றான். அவனிடம் எல்லாவற்றுக்கும் ஒரு வாசகம் இருக்கிறது. சும்மா பேர் மட்டும் போதும் என்றேன். மிஷின் ர்ர்ர் என்று ஓடியது. சின்னப் பேர், சீக்கிரம் முடிந்துவிட்டது. ‘ஜ’ மேல் புள்ளி வைக்க மறந்துவிட்டான். நின்று வைக்கச் சொல்லி வாங்கிக்கொண்டு வந்தேன்.

மார்ச் 8, சனி

குறிப்பு: தயிர் சாதத்தில் கொஞ்சம் பால் ஊற்றினால் மத்தியானம் வரைக்கும் புளிக்காது. இந்தக் கம்பெனி முதல் தடவையாக உருப்படியாக ஒன்று சொல்லியிருக்கிறது.

இன்றைக்கு ஜெரால்டின் இரண்டாவது தடவை. காலையில் வர மாட்டேன் என்று கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டானாம். ஆஸ்பத்திரியில் இன்னும் ஒரு பெஞ்ச் ஆடுகிறது என்று ரெஜினா சொன்ன பிறகு வெளியே வந்தான். ரெஜினாவுக்குக் கடை இருந்ததால் நான் கூடப் போனேன்.

டாக்டரைப் பார்த்துவிட்டு, வேப்பமரத்துக்குக் கீழே உட்கார்ந்து கேரியரைத் திறந்தேன். அவன் மூடியைக் கையில் வாங்கி, வட்டமாகச் சுற்றிச் சுற்றிப் படித்தான். கீழே இருந்த பேரில் விரலை வைத்தான்.

தயிர் சாதத்தை முன்னால் வைத்தேன். பார்த்துக்கொண்டே இருந்தான், கை வைக்கவில்லை. பல்லை மட்டும் கடித்துக்கொண்டிருந்தான்.

முதல் வாயை எடுத்துச் சாப்பிட்டேன். நான் விழுங்கும் வரைக்கும் என் தொண்டையையே பார்த்தான். அப்புறம் அடுக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.